எர்சீலியாவின் ஆறு நாற்காலிகள்

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை பீன்ஸ் உரிப்பது.

ஆகஸ்டு மாதத்துப் பொர்லொத்தி பீன்ஸ். தோலிலும் கொட்டையிலும் சிவப்புப் புள்ளி. தெஸ்தாச்சோ பேட்டை மொத்தமும் கடற்கரைக்குக் கிளம்பிப் போயிருந்தது. முற்றத்தைச் சுற்றி எல்லா வீட்டு ஜன்னல்களும் அடைத்துக் கிடக்க, எர்சீலியாவின் சமையலறை ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. நோர்மா லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கிரீஸ் போகக் கையை இரண்டு தடவை கழுவச் சொல்லிவிட்டுத்தான் அம்மா பீன்ஸைத் தொடவிட்டாள்.

"ஒத்தோரீனோ கடைய எப்பத் திறக்கறான்?"

"செருப்புத் தைக்கறவரா? செப்டம்பர்லதான். ஷட்டர்ல எழுதி ஒட்டியிருக்காரு."

"என் நீல ஷூ அவன்கிட்ட மாட்டிக்கிச்சு. அடியில ரப்பர் வச்சுக் குடுடான்னேன். வாங்கி உள்ள போட்டுட்டுக் கடலுக்கு ஓடிட்டான்."

"வேற ஷூவே இல்லையா உனக்கு?"

"பல்கலைக்கழகத் தாழ்வாரம் முழுக்கப் பளிங்கு. மத்ததெல்லாம் டக்கு டக்குனு கத்தும். உள்ள நட்சரேனோ பரீட்சையில உக்காந்திருப்பான். வெளிய நான் நடக்கற சத்தம் கேட்டா, தெரிஞ்ச ரெண்டு வார்த்தையும் பறந்து போயிடும்."

"ஏம்மா, அவருக்குப் பேரன் பேத்தி இருக்கு. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?"

"கையெல்லாம் யாருடி புடிச்சா? வெளிய உக்காருவேன். அவ்வளவுதான். எல்லாருக்கும் உக்காந்திருக்கேன், அவனுக்கு மட்டும் என்ன?"

நோர்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தாள்.

"இதுக்கு ஒரு ஸ்க்ரூ போடணும்."

"வியாழக்கிழமை எல்லா நாற்காலியையும் வெளிய எடுக்கப்போறேன். அப்ப வந்து போடு."

"எதுக்கு வெளிய எடுக்கறே?"

"நட்சரேனோவுக்குக் கடைசிப் பாடம்."

அம்மாவின் லத்தீன் விஷயத்தில் கேள்வி கேட்பதை நோர்மா பள்ளி நாளிலேயே விட்டிருந்தாள்.

எர்சீலியா இந்தப் பேட்டையிலேயே பிறந்தவள். அவள் அப்பா ஆற்றோரத்துக் கசாப்புக் கூடத்தில் தோல் உரித்தவர். வீட்டில் யாரும் படித்ததில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு எங்கிருந்து லத்தீன் பைத்தியம் பிடித்தது என்று கேட்டால், "குடல் குழம்பும் கும்மிருட்டுமா இருந்த வீட்ல எனக்குன்னு ஒரு சுத்தமான இடம் கிடைச்சது, விடுவேனா?" என்பாள்.

பள்ளியில் முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் லத்தீன் சொல்லிக்கொடுத்தாள். மேல்வகுப்புக் கவிதைகளுக்கு வாருங்கள் என்று தலைமையாசிரியர்கள் பலமுறை அழைத்தார்கள். போகவில்லை. "அங்க இருக்கறவங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். எனக்கு ஒண்ணுமே தெரியாதவங்கதான் வேணும்." பெயர்ச்சொல், வினைச்சொல். பாடப்புத்தகத்தின் முதல் சில பாடங்கள். ஆயுள் முழுக்க அந்தப் பக்கங்களைத் தாண்டி அவள் யாரையும் கூட்டிப்போனதில்லை. அந்த வாசலைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள்.

ஜூனில் தோற்ற பிள்ளைகள் செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். குடும்பம் கடலுக்குப் போக, தோற்றது மட்டும் வெயிலில் வேர்த்துக்கொண்டு எர்சீலியாவின் சமையலறைக்கு வரும். அதனால் நோர்மா ஆகஸ்டு மாதத்தில் கடல் பார்த்ததே கிடையாது.

சமையலறை மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. பெயர்ச்சொல்லுக்கு ஆறு வேற்றுமை, அதற்கு ஆறு நாற்காலி. ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காருபவன் காரியத்தைச் செய்பவன். கதவோரம் இருப்பவன்மேல் காரியம் வந்து விழும். அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் உடையவன், யாருடையது என்ற கேள்விக்குப் பதில். குளிர்பெட்டிப் பக்கம் உட்கார்ந்தால் அவனுக்கு எதையோ கொடுக்கப்போகிறார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்து நாற்காலி 'ஆல்', 'ஓடு', 'இருந்து': எதனால், யாரோடு, எங்கிருந்து. பால்கனிக் கதவருகே ஒரு குட்டை நாற்காலி. அது விளி. கூப்பிடப்படுபவன் அதில்தான் உட்கார வேண்டும். பிள்ளை ஒவ்வொன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து ஓநாயைச் சொல்லும். லூபுஸ், லூப்பி, லூப்போ. ஒரே ஓநாய். இடம் மாறும்போது வால் மாறும்.

நடுவில் மேசை. அதுதான் வினை. "மேசை இல்லேன்னா இதெல்லாம் சும்மா கட்டை. முதல்ல மேசையத் தேடு" என்பாள். லத்தீன் வினை தன் ஆளைத் தன் வாலிலேயே முடிந்து வைத்திருக்கும். பார்க்கிறேன் என்றால் நான் அதற்குள் இருக்கிறேன். இத்தாலிய மொழியும் அந்த வாலை விடவில்லை. ஆனால் பெயர்ச்சொல்லின் வாலை எப்போதோ தொலைத்துவிட்டது. அதில் யார் முன்னால் நிற்கிறானோ அவன்தான் கடிப்பவன். லத்தீனில் அப்படியில்லை. ஓநாய் ஆட்டைப் பார்க்கிறது என்றாலும் ஆட்டை ஓநாய் பார்க்கிறது என்றாலும் பார்ப்பது ஓநாய்தான்.

இதைத்தான் நட்சரேனோவால் தாங்க முடியவில்லை. ஆயுள் முழுக்க டிராம் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். எல்லாப் பரீட்சையும் தேறிவிட்டார், தொடக்க லத்தீன் ஒன்றைத் தவிர. அதில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றார். அவர் சேர்ந்த பழைய பாடத்திட்டத்தை அந்த வருஷத்தோடு மூடுகிறார்கள். வரும் செப்டம்பர் விட்டால் பட்டம் கிடையாது.

வசந்தத்தில் ஒரு நாள் குழாய் பார்க்க வந்தபோது நோர்மா அவர் பாடத்தைக் கேட்டாள்.

"டீச்சர், டிராம்ல முன்னாடி இருக்கறது முன்னாடி, பின்னாடி இருக்கறது பின்னாடி. இந்த ஓநாய் என்னடான்னா கண்ட இடத்துல ஏறிக்குது."

"டிக்கெட் வச்சிருக்குல்ல? எங்க ஏறினா உனக்கென்ன? டிக்கெட்டப் பாரு."

"வாலா டிக்கெட்டு?"

"அப்பாடா. மூளை எஞ்சின் கிளம்பிடுச்சு. மணி அடிங்கப்பா."

"சிரிங்க டீச்சர், சிரிங்க. ஆயுசு பூரா தண்டவாளம் போன பக்கமே போனவன். ஒரு தடவையாவது நானா ஒரு பக்கம் திரும்பிப் பாக்கணும். அதுக்குத்தான் இந்த ஓநாய்கிட்ட கடி வாங்கறேன்."

நோர்மா லத்தீன் படித்ததில்லை. அப்பா செத்த வருஷம், பதினாலு வயதில், லத்தீன் இல்லாத தொழில்நுட்பப் பள்ளிக்குப் போவேன் என்று நின்றாள். எர்சீலியா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போய் ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கிவந்து மேசைமேல் வைத்தாள். "வாங்கறது வாங்கினேன், நல்லதா வாங்கினேன்" என்றாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த செட் இன்றும் நோர்மாவின் பையில் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை வரவில்லை. புதன்கிழமை மதியம் படுத்த எர்சீலியா எழுந்திருக்கவில்லை. கீழ்வீட்டு இயோலேதான் போன் செய்தாள். நோர்மா ஒரு லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தாள். வேலையை முடித்து, பூட்டி, பலகையை மாட்டிவிட்டு இறங்கினாள். வேறு எப்படி இறங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேட்டை கடலிலிருந்து திரும்பி வந்தது. வெயிலில் தோலுரிந்த முகங்கள், காலில் மணல். கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். சமையலறை நாற்காலிகளைத் தூக்கிப் போய்ப் படுக்கையைச் சுற்றிப் போட்டார்கள். அதில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்தார், தபால்காரி உட்கார்ந்தாள், தலை நரைத்த ஒரு வக்கீல் உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் உட்காரும் முன் ஒரு நொடி தயங்கியதை நோர்மா பார்த்தாள். எந்த நாற்காலி என்று பார்க்கிறார்கள். ஏன் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்தபோது இயோலே சமையலறையைக் கழுவித் துடைத்து நாற்காலிகளை மேசையைச் சுற்றி அடுக்கியிருந்தாள்.

சில நாள் கழித்து நட்சரேனோ வந்தார். கையில் தொப்பி.

"உள்ள வரலாமா? ஒண்ணும் கேக்க வரல. சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன். பரீட்சை கிட்ட வந்துடுச்சு."

"வாங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்தார். லூபுஸ் என்றார். எழுந்து அடுப்புப் பக்கம் போய் நின்றார். அங்கே பிரம்பு நாற்காலி இருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். குளிர்பெட்டிப் பக்கம் போனார். அங்கே குட்டை நாற்காலி. அதில் உட்கார்ந்தால் ஓநாயைக் கூப்பிட வேண்டும். இடமோ கொடுக்கும் இடம். எதைச் சொல்வது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நெற்றி வேர்த்தது.

"எல்லாம் போச்சு நோர்மா. டீச்சரோடயே போச்சு. எனக்கு இது தலையில நின்னதே இல்ல. முழங்கால்ல நின்னுச்சு, இடுப்புல நின்னுச்சு. இப்ப இங்க எதுவும் இருந்த எடத்துல இல்ல."

"எந்த நாற்காலி எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க, மாத்திப் போடறேன்."

"நான் எங்க நாற்காலியப் பாத்தேன்? உக்காந்தேன். பாத்தது டீச்சர் மூஞ்சிய."

நோர்மா கீழே போய் இயோலேயைக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் கண்ணு? ஒரே உயரத்துல இருக்கறதப் பக்கத்துல பக்கத்துல போட்டேன், கால் ஆடற அசிங்கத்தை மூலையில ஒளிச்சேன். எத்தனை வருஷமா உங்கம்மா வீட்டு நாற்காலி கோணலும் மாணலுமா கெடக்குதுன்னு எனக்கு மனசு கேக்காது. சாவு வீடாச்சேன்னு அழகா வச்சேன். தப்பாடி?"

"இல்ல அத்தை."

பிறந்து வளர்ந்த வீடு. ஆனால் நோர்மாவுக்கும் நினைவில்லை. ஜன்னல் நாற்காலி தெரியும், அது அம்மாவுடையது. குட்டை நாற்காலி பால்கனிப் பக்கம், அதுவும் தெரியும். மற்ற நான்கும் கலங்கின. இப்படி வைத்துப் பார்த்தாள், அப்படி வைத்துப் பார்த்தாள். நட்சரேனோ ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

"விடும்மா. நான் வீட்டுக்குப் போறேன்."

"நாளைக்கு மத்தியானம் வாங்க."

எதுவும் தெரியாமல்தான் சொன்னாள்.

லிஃப்ட் ஏறி இறங்கும் இரும்புத் தண்டவாளத்தில் தேய்மானம் பார்க்க ஒரு வழி உண்டு. டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் வழவழப்பாகத்தான் தெரியும். உலோகத்தோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பள்ளமும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். மறுநாள் காலை நோர்மா நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினாள். ஜன்னல் பலகைகளைச் சாத்தினாள். சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடித்தாள்.

நாற்காலிக் கால் தேய்த்த குழிகளைத் தேடித்தான் படுத்தாள். அவை இருந்தன. ஒவ்வொரு இடத்திலும் நான்கு குழி. ஆனால் வெளிச்சத்தில் முதலில் எழுந்தது அதுவல்ல.

பாதைகள்.

சின்னச் சின்னக் கல் பதித்த பழைய சிமெண்டுத் தரை. அதில் மேசையைச் சுற்றி மனிதக் கால்கள் பள்ளம் பறித்திருந்தன. ஜன்னலிலிருந்து கதவுக்குப் போன பாதை எல்லாவற்றிலும் ஆழம். அங்கே கற்களின் நிறமே மங்கிப்போயிருந்தது. செய்பவனிடமிருந்து செய்யப்படுபவனுக்கு. அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து குளிர்பெட்டிக்கு. அடுப்புக்கு ஒன்று, தொட்டிக்கு மெல்லியதாக ஒன்று. யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. பயந்து வந்த பிள்ளைகள், விளையாட்டுச் செருப்போடும் வேர்த்த பாதத்தோடும் வந்தவர்கள், வாக்கியம் சொல்லிச் சொல்லி நடந்து போட்ட பாதை. கல்லே லத்தீன் கற்றுக்கொண்டதுபோல் இருந்தது.

நோர்மா டார்ச்சை அணைக்காமல் வெகுநேரம் அப்படியே கிடந்தாள். எந்திரங்களின் உட்புறத்தைப் பார்த்து அசந்துபோவது அவளுக்குப் பழக்கம்தான். இத்தனை வருஷம் பீன்ஸ் உரித்த அறைக்கு ஓர் உட்புறம் இருந்ததைத்தான் அவள் பார்த்ததில்லை.

குட்டை நாற்காலியின் இடத்தில் பாதை எதுவும் இல்லை. அதற்கு முன்னால் இரண்டு வழவழப்பான குழிகள் மட்டும், பக்கத்தில் பக்கத்தில். சிறிய பாதங்கள் உரசிய இடம். அம்மா பாடம் நடத்தும் நேரமெல்லாம் சத்தம் போடாமல் உட்காரச் சொல்லிச் சின்ன வயதில் நோர்மாவைப் போட்டுவைத்த நாற்காலி அது. பாடத்தில் யாரையாவது கூப்பிட வேண்டி வந்தால் அம்மா அந்தப் பக்கம் திரும்பி "நோர்மா!" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். கைக்குச் சிக்கிய பெயர் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

பிறகு எழுந்து டேப்பை எடுத்தாள். காலுக்கும் காலுக்கும் உள்ள அகலத்தை அளந்தாள். இரும்புக் குமிழ் வைத்த நாற்காலி துருக்கறை விட்டிருந்தது, அது அடுப்பு. பிரம்பு நாற்காலியின் குழிகள் நெருக்கமாகத் தொட்டிப் பக்கம் கிடைத்தன. அகலக்கால் நாற்காலி குளிர்பெட்டிப் பக்கத்துக் குழியில் சாவி பூட்டில் விழுவதுபோல் விழுந்தது. மிச்சம் இருந்தது ஆடும் நாற்காலி. கதவோரம். பொத்தென்று வந்து உட்காருகிறவர்களை இத்தனை காலம் தாங்கினால் எந்தக் கால்தான் ஆடாது. அதற்கு ஸ்க்ரூ போட்டாள்.

மதியம் நட்சரேனோ வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"தரை."

அவர் உள்ளே வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். ஓநாய் ஆறு வாலோடும் வந்தது. ஆடு வந்தது. பெரிய உடம்பு மேசையைச் சுற்றிப் பாதை பிசகாமல் போவதை நோர்மா பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்க்காமலேயே கால் சரியான கல்லில் விழுந்தது.

"எல்லாம் இருக்கு! ஒண்ணும் போகல நோர்மா, எல்லாம் இங்கயே இருக்கு!"

"பரீட்சை ஹால்ல இந்த நாற்காலி இருக்காதே."

அவர் முகம் தொங்கியது.

"வியாழக்கிழமை எல்லாத்தையும் வெளிய எடுக்கப்போறேன்னு அம்மா சொன்னா. உங்களுக்குக் கடைசிப் பாடம்னா."

"வெளிய எடுத்தா நான் எங்க உக்கார்றது?"

"எனக்கு லத்தீன் தெரியாது. நாற்காலி தூக்கத் தெரியும். ஒரு பக்கம் புடிங்க."

ஒவ்வொன்றாகத் தூக்கி மாடிப்படி முகப்பில் வைத்தார்கள். ஜன்னல் நாற்காலியைத் தூக்கும்போது நோர்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு தூக்கினாள். படியேறி வந்த இயோலே, "வீட்டக் காலி பண்றியா கண்ணு?" என்று நெஞ்சில் கை வைத்தாள். "பாடம் நடக்குது அத்தை" என்றாள் நோர்மா. இயோலே அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே மேசை மட்டும். நட்சரேனோ அதன் பக்கத்தில் நின்றார். பரீட்சைக்காரர் எப்படிக் கேட்பார் என்று நோர்மாவுக்குத் தெரியாது. "ஏதாவது சொல்லுங்க. உங்களோடது" என்றாள்.

அவர் கண்ணை மூடவில்லை. ஜன்னலைப் பார்த்தார், வெறும் இடத்தை. "மஜிஸ்த்ரா" என்றார். ஆசிரியை. குளிர்பெட்டிப் பக்கம் பார்த்தார். "நட்சரேனோ." நட்சரேனோவுக்கு. கதவைப் பார்த்தார். "செல்லாஸ்." நாற்காலிகளை. பிறகு உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தார்.

"தேதித்."

கொடுத்தாள்.

மறுபடி சொன்னார், வார்த்தைகளை முன்பின்னாக மாற்றி. நாற்காலிகளை முதலில். ஆசிரியையைக் கடைசியில். எப்படி மாற்றினாலும் அது நின்றது. கொடுத்தவள் கொடுத்தவளாகவே இருந்தாள். ஒரு வார்த்தையும் படிக்காமல் அத்தனையும் நோர்மாவுக்குப் புரிந்தது. யார், யாருக்கு, எதை. தினமும் இருட்டுக் குழியில் நின்று அவள் எந்திரத்திடம் கேட்கும் கேள்விகள் அவைதான். எங்கே கற்றுக்கொண்டாள் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

வெளியிலிருந்து இயோலேயின் குரல் வந்தது. "என்னடி சொன்னான்? பாஸா?"

"இன்னும் பரீட்சையே வரல அத்தை."

"அப்ப ஏன் ரெண்டு பேரும் அழுவறீங்க?"

பரீட்சைக்கு முந்தின நாள் ஒத்தோரீனோவின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. நோர்மா குனிந்து உள்ளே போனாள். கருகருவென்று வெயில் குடித்த முகத்தோடு அவர் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். காலையில்தான் ஊர் திரும்பியிருக்கிறார். யாரும் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"உங்கம்மா திட்டி அனுப்பிச்சாளா? தெரியும். வரட்டும், என் காதைத் திருகட்டும். ரப்பர் அன்னைக்கே போட்டுட்டேன்." அலமாரியிலிருந்து நீல ஷூவை எடுத்துத் துடைத்து, ஒன்றைக் கையில் மாட்டிக் கல்லாப் பெட்டிமேல் நடக்க விட்டுக் காட்டினார். "பாத்தியா? பூனை மாதிரி. பளிங்குல நடந்து பாக்கச் சொல்லு. யாருக்கும் கேக்காது."

நோர்மா வாங்கிக்கொண்டாள். தன் காலுக்கு ஒரு அளவு சின்னது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"எப்பப் போட்டுக்கப்போறாளாம்?"

"காலைல" என்றாள். "தாழ்வாரத்துல உக்காரணும்."